மெட்டிலிருந்து இறங்கியவர்கள்

பீரோவின் மேல்தட்டில் இல்லை. புடவைகளுக்கு அடியிலும் இல்லை. நதியா மறுபடியும் கைவிட்டுத் துழாவினாள்.

"ஏங்க, என் ஓட்டர் கார்டு இங்கனதான வச்சிருந்தேன். எடுத்தீகளா?"

ஈஸ்வரபாண்டி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கொழம்ப ஊத்து மொதல்ல."

"ஊத்துறேன். கார்டு எங்க?"

"எங்கிட்டாவது கெடக்கும். இப்ப எதுக்கு ஒனக்கு அது?"

"நாளைக்கு ஓட்டுல்ல."

"நாளைக்கு வேலை."

நதியா கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஓட்டு அன்னைக்கு எவன் வேலைக்குக் கூப்பிடுறான்? ஊரே லீவு விட்டிருக்கு."

"லீவு நம்ம ஊருக்கு. கேரளாவுல என்ன ஓட்டா நடக்கு? ஏலக்கா செடியிலயே பழுத்துக் கெடக்குன்னு மேனேஜர் போன் மேல போன் போடுறாரு. நாளைக்கு வராதவுக இனிமே என் ஜீப்புல கால் வைக்க வேணாம். தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ஒனக்கும் சேத்துத்தான்."

சுவரோரம் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த சந்தனம்மாள் திரும்பினாள். ஈஸ்வரபாண்டியின் அக்கா. பழனிசெட்டிபட்டியில் வாக்கப்பட்டவள். திருவிழா இல்லை, விசேஷம் இல்லை, மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியிருந்தாள்.

"விடு நதியா. ஒத்த ஓட்டுல என்ன வந்துரப் போகுது? ஆம்பளைக பாத்துக்கிருவாக."

"என்னத்தப் பாத்தாக மதினி இம்புட்டு நாளா?"

தட்டு சுவரில் மோதி விழுந்தது. சோறு நதியாவின் கால்மேல் சிதறியது. உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் திரிஷா ஓடிவந்து வாசற்படியில் நின்றாள்.

"இந்த வீட்டு ஓட்டு எங்க விழுகணும்னு எனக்குத் தெரியும்" என்றான் ஈஸ்வரபாண்டி. சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு வெளியே போனான். சட்டைப்பைமேல் ஒரு கை இருந்தது. நதியா அதைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு அதன் பொருள் முழுதாகப் புரியவில்லை.

கரட்டுக்குளத்தின் கீழத்தெருவில் கக்கூஸ் உள்ள வீடுகளை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். பெண்களுக்கென்று தெருக்கோடியில் ஒரு சுகாதார வளாகம் கட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கர்ணன் வந்து ரிப்பன் வெட்டினார். மிட்டாய் கொடுத்தார். வருஷம் திரும்புவதற்குள் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி அவரே அதைப் பூட்டினார். பிறகு அவருடைய சிமென்ட் மூட்டைகள் உள்ளே போயின. பெண்கள் பழையபடி விடியுமுன் ஊருக்கு வெளியே உள்ள பாறைக் கரட்டுப் பக்கம் போனார்கள். அந்த வழியாக பைக்கில் வரும் இளவட்டங்கள் வேண்டுமென்றே ஹெட்லைட்டைத் திருப்பி அடிப்பார்கள். வெளிச்சம் விழுந்ததும் பெண்கள் எழுந்து நிற்க வேண்டும். வெளிச்சம் போனதும் உட்கார வேண்டும். எழுவதும் உட்காருவதுமாக, வயதுக்கு வந்த பிள்ளைகளும் பிள்ளை பெற்றவர்களும்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிற திரிஷா மத்தியானத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அது யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் குளிரும் காய்ச்சலுமாக விழுந்தவளைத் தேனிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா திட்டினாள். "இப்படித் தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி போயிரும்மா."

"குடிச்சா போறதுக்கு எடம் வேணும்ல டாக்டர்" என்றாள் திரிஷா.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நதியாவைப் பார்த்தாள். நதியா தரையைப் பார்த்தாள். அன்று அவளுக்கு வந்தது வெட்கம். பஸ்ஸில் திரும்பி வரும் வழியில், சின்னமனூர் தாண்டுவதற்குள், அது கோபமாக மாறியிருந்தது. நான் எதுக்கு வெட்கப்படணும்?

தெருவில் தையல் மெஷின் வைத்திருந்த ஜோதிலட்சுமிதான் அந்த வளாகத்தைத் திறக்கச் சொல்லித் திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போய்வந்தவள். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்துகொண்டே இருந்தது. பூட்டு மட்டும் திறக்கவில்லை. தேர்தல் அறிவித்ததும் அவள் தலைவர் பதவிக்கே மனுத் தாக்கல் செய்தாள். கர்ணன் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தார். "ஜாக்கெட் தைக்கிறவ பஞ்சாயத்தத் தைக்கப் போறாளாக்கும்." குலுக்கலில் அவருக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. ஜோதிலட்சுமிக்குச் சாலை உருளை. "சரியாத்தான் குடுத்திருக்கான். பூட்டுனவனுக்குப் பூட்டு" என்று ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் தெருவில் மூத்தவளான இருளம்மாள் சொன்னபோது வண்டியே குலுங்கியது.

அந்தப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற இடம் ஜீப் ஒன்றுதான். வீட்டில் அடுப்பு, தோட்டத்தில் கங்காணி. ஜீப்பில் மடிமேல் மடியாக நெருக்கிக்கொண்டு, கேரள எல்லைக் கணவாயான மெட்டு ஏறும்வரை பேசுவார்கள். அங்கேதான் முடிவானது, கீழத்தெருப் பெண்கள் அத்தனை பேரும் சாலை உருளைக்குத்தான் என்று. கண்ணாடியில் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்த ஈஸ்வரபாண்டியும் அதைக் கேட்டான். அன்று சாயங்காலமே கர்ணனும் கேட்டார்.

கர்ணன் கோபப்படவில்லை. அதிக ஆள் ஏற்றியதற்காக ஈஸ்வரபாண்டியின் ஜீப்பைப் போலீஸ் பிடித்து வைத்தபோது போய்ப் பேசி மீட்டுக் கொடுத்தவர் அவர். அந்த உரிமையில் தோளில் கைபோட்டார். "பொம்பளைகளோட நமக்கு என்ன சண்டை? அன்னைக்கு ஒருநாளு எல்லாரையும் மலைக்கு ஏத்திவிட்டிரு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

விடியுமுன் முன்னால் ஈஸ்வரபாண்டியின் ஜீப்பும் பின்னால் இன்னும் இரண்டு ஜீப்புகளும் தெருமுனையில் வந்து நின்றன. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு ஏறினார்கள். காய் சீசனில் ஜீப்பில் இடம் போனால் அடுப்பு எரியாது. நதியா முன்ஜீப்பின் பின்பக்கம், இருளம்மாளுக்கு அருகில் உட்கார்ந்தாள். ஆரம்பப் பள்ளியைத் தாண்டியபோது விளக்குகள் எரிவதும், போலீஸ்காரர் ஒருவர் வாசலில் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தன.

கம்பம் மெட்டின் வளைவுகளில் ஜீப் முனகிக்கொண்டு ஏறியது. பாதி மலையில் இருளம்மாள் வாயைத் திறந்தாள்.

"கார்டாவது கையில இருந்தா, சாயங்காலம் வெரசா எறங்கி ஓடியாவது போடலாம்னு பாத்தேன். அதையும் காணோம். என் மகன் சூரியபிரகாஷு, பூத் சிலிப்போட ஒத்துப் பாக்கணும்னு முந்தாநேத்து வாங்கிட்டுப் போனான். தரவே இல்ல."

நதியா திரும்பினாள். "ஒங்க கார்டுமா அத்தே?"

"ஏன், ஒன்னதும் காணோமா?"

"எங்க வீட்லயும் அண்ணன் வாங்கிட்டுப் போச்சு" என்றாள் எதிரில் இருந்த ஒரு பெண். "எங்கப்பாவும்தான்" என்றது முன்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

நதியா கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். மலைக்கு ஏற்றிவிட்டால் போதாதா? நாள் முழுக்கத் தோட்டத்தில் கிடக்கப்போகிறவளின் அட்டையை எதற்குப் பிடுங்கவேண்டும்? முந்தின நாள் ராத்திரி சட்டைப்பைமேல் இருந்த கை அவள் கண்முன் வந்தது. விசேஷம் எதுவும் இல்லாமல் வந்து இறங்கிய மதினியும்.

மெட்டுச் செக்போஸ்ட்டில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. பனிக்குல்லாய் போட்ட கேரளக் காவலர் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். நாள்தோறும் பார்க்கிற முகங்கள்.

"எந்தா பாண்டி, இன்னு நிங்ஙளுடெ நாட்டில் வோட்டல்லே?"

"ஆமா சாரே. சாயங்காலந்தான் திரும்புவோம்."

"இவரெல்லாம் வோட்டு செய்யண்டே?" பெண்கள் போட வேண்டாமா என்று டார்ச்சை அவர்கள் பக்கம் ஆட்டினார்.

ஈஸ்வரபாண்டி சிரித்தான். "அதெல்லாம் ஊர்ல போட்டுருவாக சாரே."

அவன் விளையாட்டாகச் சொன்னானோ, வாய்தவறி வந்ததோ. நதியா பின்கதவின் கொக்கியைத் தூக்கிவிட்டுக் கீழே குதித்தாள்.

"எறங்குங்க" என்றாள் ஜீப்புக்குள் பார்த்து. "நம்ம ஓட்ட நம்ம பேர்ல வேற ஆளு போடப்போகுது. அதுக்குத்தான் கார்ட வாங்கியிருக்காக. எறங்குங்க."

யாரும் அசையவில்லை. பயம் என்றால் பயம்தான். வேலை போய்விடும், வீட்டில் அடி விழும். இருளம்மாள்தான் முதலில் முந்தானையை இடுப்பில் செருகினாள். "எந்திரிங்கடி. கரட்டுல லைட்டு அடிக்கும்போது எந்திரிக்கத் தெரியுதுல்ல? இதுக்கு எந்திரிக்கத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

அந்த வார்த்தை மூன்று ஜீப்புகளுக்கும் கேட்டது. ஒருத்தி இறங்கினாள். பிறகு எல்லாரும் இறங்கினார்கள்.

ஈஸ்வரபாண்டி கத்தினான், மேனேஜர் பெயரைச் சொல்லி மிரட்டினான். பெண்கள் தூக்குச்சட்டிகளைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு பனியில் மூடிக் கிடந்தது. திராட்சைத் தோட்டங்களோ தென்னந்தோப்போ எதுவும் தெரியவில்லை. செருப்பில்லாதவர்கள் ரோட்டோரத்துப் புல்லில் நடந்தார்கள்.

மூன்றாவது வளைவில் ஜீப் உறுமிக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. ஈஸ்வரபாண்டி குதித்து நதியாவின் கையைப் பிடித்தான்.

"என் மானத்த வாங்கணும்னே கெளம்பிட்டியா? ஏறுடி. இல்ல, இப்படியே எங்கிட்டாவது போயிரு. என் வீட்டு வாசல மிதிக்காத."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நதியா அவனை 'நீ' என்று சொன்னதில்லை.

"எது ஒன் வீடு? ஒன் மக தண்ணி குடிக்கப் பயந்து ஆஸ்பத்திரில கெடந்தாளே, அந்த வீடா? பூட்டுனவனுக்கு என் ஓட்டத் தூக்கிக் குடுத்திட்டு வந்து வீடுங்கிற. கைய எடு."

அவன் எடுக்கவில்லை. இருளம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னொருத்தி. ஒற்றை மனைவி என்றால் அடித்துத் தள்ள அவனுக்குத் தெரியும். சுற்றிலும் ஐம்பது பெண்கள் நெருங்கி நிற்கும்போது என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கை தானாக விலகியது. போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். யாருக்குப் பேசப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் நடையின் வேகம் கூடியது.

அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. செக்போஸ்ட்டில் கேட்டால் காட்டுவதற்காக எல்லோருடைய பையிலும் ஆதார் இருந்தது, அதைக் காட்டியும் ஓட்டுப் போடலாம். வரிசையில் நின்றார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஜோதிலட்சுமி தொண்டை கட்டிப்போய் நின்றிருந்தாள். "காலையிலருந்து யார் யாரோ முக்காடு போட்டுட்டு வாறாளுக. எங்க ஏஜென்டு ஆட்சேபணை பண்ணுனா, கார்டு இருக்கு, சிலிப் இருக்குன்னு உள்ள விட்டுர்றாக" என்றாள்.

நதியா உள்ளே போனாள். முதல் மேஜைக்காரர் பெயரைத் தேடி, விரலால் கோட்டைத் தொட்டு, நிமிர்ந்தார்.

"நதியா, கணவர் பெயர் ஈஸ்வரபாண்டி. போட்டாச்சேம்மா."

"யாரு போட்டா?"

"நீங்கதான்."

"நான் இப்பத்தான் மலையில இருந்து நடந்து வாறேன்." இடதுகையை மேஜைமேல் வைத்து விரல்களை விரித்தாள். "மை எங்க? காட்டுங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கர்ணனின் ஏஜென்ட் வெளியே வேடிக்கை பார்த்தான். தேனியிலிருந்து வேலைக்கு வந்திருந்த வாத்தியார்தான் வாக்குச்சாவடித் தலைமை அதிகாரி. அவர் எழுந்து வந்தார். இப்படி வேறொருவர் போட்டுவிட்டால் டெண்டர் ஓட்டு என்று தனிச் சீட்டுத் தருவோம், அதைக் கவரில் போட்டு ஒட்டி வைப்போம் என்று விளக்கினார்.

"எண்ணுவீகளா?"

வாத்தியார் தயங்கினார். "எண்ண மாட்டோம்மா. கேஸ் நடந்து, கோர்ட் கேட்டா எடுத்துக் கொடுப்போம்."

"என் பேர்ல திருட்டுத்தனமாப் போட்டத எண்ணுவீக. நான் போடுறத எண்ண மாட்டீக."

அவர் சீட்டை நீட்டினார். நதியா சீட்டை வாங்கினாள். மறைவுக்குப் போய் சாலை உருளையின்மேல் முத்திரையை அழுத்திக் குத்தினாள். கண்ணில் நீர் முட்டியது. அவள் துடைக்கவில்லை.

இருளம்மாளின் ஓட்டும் போயிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதே கதை. மீதிப் பேரின் ஓட்டைச் சாப்பாட்டு நேரத்தில் கள்ளத்தனமாகப் போட வைத்திருந்தார்கள் போலிருக்கிறது, அந்தப் பெண்கள் தங்கள் ஓட்டைத் தாங்களே போட்டார்கள். டெண்டர் சீட்டு தீர்ந்துபோக, வாத்தியார் போனில் மேலதிகாரிகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த நதியா எதிர் பஸ் ஸ்டாப்பில் சந்தனம்மாளைப் பார்த்தாள். பையோடு நின்றிருந்தாள். நதியாவைக் கண்டதும் இடதுகை புடவைக்குள் போனது.

நதியா ரோட்டைக் கடந்து போய் அந்தக் கையை வெளியே இழுத்தாள். நகத்தின்மேல் மை புதிதாகக் கறுத்திருந்தது.

"இன்னைக்கு ஓட்டு கிராமப் பஞ்சாயத்துக்குத்தான மதினி. பழனிசெட்டிபட்டி பேரூராட்சில்ல, அங்க ஏது ஓட்டு? ஒங்க வெரல்ல எப்படி மை?"

சந்தனம்மாள் கையை உருவிக்கொண்டாள். "தம்பி சொன்னான், போட்டேன். எனக்கு என்னத்தா தெரியும்? அங்கன எங்க வீட்டுக்காரரு சொல்ற பட்டன அமுக்குவேன். இங்கன தம்பி காட்டுன படத்துல குத்துனேன். எனக்குன்னு எவன் கேட்டான், யாருக்குப் போடணும்னு?"

அறைவதற்காகத்தான் நதியா ரோட்டைக் கடந்து வந்திருந்தாள். ஓங்கின கை இறங்கிவிட்டது. கோபம் இறங்கவில்லை. அது இந்தப் பெண்ணைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. பஸ் வந்தது. சந்தனம்மாள் ஏறிப் போய்விட்டாள்.

வாத்தியார் பள்ளி வாசலுக்கு வந்து பெண்களைக் கூப்பிட்டார். "நான் மேலே எழுதுறேன். ஆனா நீங்க போலீஸ்ல புகார் கொடுத்து ரசீது வாங்கிட்டு வாங்க. அது இருந்தாத்தான் இந்தப் பெட்டியத் தனியா வைக்கச் சொல்லி, மறுபடி ஓட்டு நடத்தணும்னு கேக்க முடியும். யாரு அட்டைய எடுத்தாங்கன்னு பேரோட இருக்கணும். பேர் இல்லாத புகார் நிக்காது."

பேர் என்றதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கர்ணன் பெயரைச் சொல்ல எல்லோரும் தயார். ஆனால் கர்ணன் யாருடைய பீரோவையும் திறக்கவில்லை. திறந்தவர்கள் வேறு.

இதற்காகவே காத்திருந்தவர்போல கர்ணன் காரிலிருந்து இறங்கி வந்தார். கும்பிட்டார். "ஆத்தாமாருகளா, வீட்டுச் சங்கதிய ஸ்டேசனுக்குக் கொண்டு போகலாமா? ஒங்க புருசன், ஒங்க பிள்ளைக. நாளைக்கு அவுகளுக்குத்தான சோறு ஆக்கணும்? அந்தக் கக்கூச நானே தெறந்து விடுறேன். போயி வேலையப் பாருங்க."

"தெறக்கிறதுக்கு நீங்க யாரு?" என்றாள் நதியா. "பூட்டுறதுக்கு மட்டும் யாரு?" அவரைச் சுற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. அது போதுமாயிருந்தது.

ஸ்டேஷனில் எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். ஏட்டு ஒருவர் மட்டும் இருந்தார். வாசல் நிறைந்து நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். நதியா நடந்ததைச் சொன்னாள். அவர் எழுதினார்.

"ஓட்டுப் போட்டது யாரு?"

"பேரு சொல்றேன், எழுதிக்கங்க. ஆனா போட வச்ச ஆளு பேர மேல எழுதுங்க. அட்டைய எடுத்தது, மலைக்கு ஏத்திவிட்டது, எல்லாம் அந்த ஆளுதான். ஈஸ்வரபாண்டி."

"எந்த ஊரு?"

"கரட்டுக்குளம், கீழத்தெரு."

"ஒனக்கும் அவருக்கும் முன்விரோதம் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"ஒனக்கு என்ன உறவு?"

"புருசன்."

ஏட்டு பேனாவை வைத்தார். மெதுவான குரலில் சொன்னார். "யோசிச்சுக்கம்மா. குத்தம் பண்ணுன எதிரின்னு பேர எழுதுன பின்னால அடிச்சு அழிக்க முடியாது."

"பதினெட்டு வருசமா யோசிச்சாச்சு. எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் படித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தாள். மேஜைக்கு முன்னால் இருளம்மாள் வந்து நின்றாள். எதிரி பெயர் சூரியபிரகாஷ். என்ன உறவு? மகன். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஆனாலும் சொன்னாள். அதற்குப் பின்னால் வந்தவளுக்கு அண்ணன். இன்னொருத்திக்குத் தகப்பன். வாக்காளர் அட்டைகளில் கணவர் பெயர், தந்தை பெயர் என்று அச்சடித்திருந்த இடத்தில் இருந்த பெயர்களும் ஒவ்வொன்றாக எதிரி பெயர் என்ற இடத்தில் ஏறின. வெளியாள் ஒருவன்கூட இல்லை.

பாதி வரிசை முடியுமுன் ஏட்டு கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

"பேப்பர் தீந்துபோச்சும்மா. மிச்சப் பேரு நாளைக்கு வாங்க."

யாரும் கலையவில்லை. நதியா தூக்குச்சட்டியை ஓரமாக வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். மலைக்கென்று காலையில் கட்டிய சோறு அதற்குள் அப்படியே இருந்தது. மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

இருளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எதிர்ச்சாரியில் திறந்திருந்த ஜெராக்ஸ் கடையைப் பார்த்தாள்.

"நீங்க உக்காருங்க ஐயா" என்றாள் ஏட்டிடம். "எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்க. பேப்பரு நான் வாங்கியாறேன்."